மாதவிடாய் நிற்கும் காலம்: எதை வயதின் மேல் போடலாம், எதைப் போடக் கூடாது

ஒரு பெண்ணுக்குத் தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்து, அதற்குக் கர்ப்பமோ பாலூட்டலோ மருந்தோ வேறு நோயோ காரணம் இல்லை என்றால், அவருக்கு மாதவிடாய் நின்றுவிட்டது என்று மருத்துவம் முடிவு செய்கிறது. இதையே மெனோபாஸ் என்கிறோம். கடைசி மாதவிடாய் எது என்பது அது வந்து ஓராண்டு கழிந்த பிறகுதான் உறுதியாகத் தெரியும். பத்து மாதம் வராமல் இருந்து பதினோராம் மாதம் வந்துவிட்டால் கணக்கை மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரையறை இப்படி ஒரு தேதியைக் குறித்தாலும், பெண்கள் படும் சிரமங்களில் பெரும்பகுதி அந்தத் தேதிக்கு முந்தைய நான்கைந்து ஆண்டுகளிலும் அதை ஒட்டிய சில ஆண்டுகளிலும்தான் வருகிறது.

இந்த ஆண்டுகளில் உதிரப்போக்கு, உறக்கமின்மை, படபடப்பு, மூட்டுவலி, சிறுநீர்க் கசிவு என்று எதைச் சொன்னாலும் வீட்டிலும் வெளியிலும் பெண்களுக்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்." இந்தப் பதில் பாதி உண்மை என்பதால்தான் அது ஆபத்தானது. வயதோடு வருபவை சில உண்டு. அவற்றுக்கும் சிகிச்சை உண்டு. வயதோடு வருவதைப்போலத் தோன்றும் வேறு நோய்களும் சில உண்டு. அவற்றை வயதின் மேல் போட்டுவிட்டால் கண்டுபிடிக்க வேண்டிய நேரத்தில் கண்டுபிடிக்காமல் போய்விடும். இரண்டையும் பிரித்துப் பார்க்க உதவுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

மேலை நாடுகளில் மாதவிடாய் நிற்கும் சராசரி வயது ஏறத்தாழ 51. இந்தியப் பெண்களுக்கு அது சில ஆண்டுகள் முன்னதாக, 46 அல்லது 47 வயதை ஒட்டி வந்துவிடுகிறது. ஆகவே 42, 43 வயதிலேயே மாற்றங்கள் தொடங்கினால் அது நம் பெண்களுக்கு இயல்பு. தாய்க்கு எந்த வயதில் நின்றதோ அதை ஒட்டிய வயதிலேயே மகளுக்கும் நிற்பது வழக்கம். புகையிலைப் பழக்கமும், புற்றுநோய்க்கான கீமோதெரபி, கதிர்வீச்சு போன்ற சிகிச்சைகளும் அதை முன்கூட்டியே கொண்டுவரலாம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் சீக்கிரம் நின்றுவிடும் என்று நம் ஊர்களில் பலர் நம்புகிறார்கள். அந்தச் சிகிச்சையில் கருக்குழாய்கள் மட்டுமே அடைக்கப்படுகின்றன, சினைப்பைகள் வழக்கம்போல இயங்கும் என்பதால் அந்த அச்சம் தேவையற்றது. 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றால் மட்டும் அதை இயல்பு என்று விட்டுவிடக் கூடாது. அது சினைப்பைகள் உரிய காலத்துக்கு முன்பே செயலிழக்கும் நிலை. எலும்பையும் இதயத்தையும் காக்க, தடை ஏதும் இல்லாத பெண்களுக்கு 50 வயதை ஒட்டிய காலம் வரை ஹார்மோன் கொடுப்பதே இன்றைய மருத்துவ நடைமுறை.

உடலுக்குள் நடப்பது

பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் சினைப்பைகளில் ஏறத்தாழ 10 முதல் 20 லட்சம் வரை சினைமுட்டைப் பைகள் இருக்கின்றன. புதிதாக எதுவும் பின்னர் உருவாவதில்லை. பூப்படையும் வயதில் அவை மூன்று நான்கு லட்சமாகக் குறைந்துவிடுகின்றன. வாழ்நாள் முழுவதிலும் முதிர்ந்து வெளியேறும் முட்டைகள் சுமார் 400 முதல் 500 மட்டுமே. மற்றவை தாமாகவே தேய்ந்து மறைகின்றன. இருப்பு சில நூறு அல்லது ஆயிரம் என்ற அளவுக்கு இறங்கும்போது மாதவிடாய் நிற்கிறது.

ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரான் என்ற இரண்டு ஹார்மோன்களையும் சுரப்பவை இந்த முட்டைப் பைகளே. இருப்பு குறையக் குறைய, மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை மேலும் மேலும் அனுப்பிச் சினைப்பையை உந்துகிறது. அந்த உந்துதலுக்குச் சில மாதங்களில் சினைப்பை அளவுக்கு மீறி ஈடுகொடுக்கும்; சில மாதங்களில் ஈடுகொடுக்காது. ஆகவே ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறைந்துகொண்டே வருவதில்லை. கோடைக்காலத்து மின்னழுத்தத்தைப்போல திடீரென்று ஏறும், திடீரென்று இறங்கும். முதலில் குறைவது பெரும்பாலும் புரோஜெஸ்ட்ரான்தான், ஏனெனில் முட்டை வெளியேறாத மாதங்களில் அது சுரப்பதில்லை. இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பலவும் எளிதில் விளங்கும்.

இதே காரணத்தால்தான் 45 வயதைக் கடந்த பெண்ணுக்கு எஃப்.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. இன்று எடுத்தால் ஓர் அளவு, அடுத்த மாதம் எடுத்தால் வேறு அளவு. வயதையும் அறிகுறிகளையும் மாதவிடாயின் போக்கையும் கேட்டே மருத்துவர் முடிவுக்கு வரலாம். வயது குறைந்தவர்களுக்கு மட்டுமே அந்தப் பரிசோதனை உண்மையில் பயன்படும். மாதவிடாய் ஒழுங்கற்றுப் போனதாலேயே கருத்தரிக்கும் வாய்ப்பு இல்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. கருத்தடை தேவைப்படுவோர் 50 வயதுக்கு முன் மாதவிடாய் நின்றால் அதன்பின் இரண்டு ஆண்டுகளும், 50க்குப் பின் நின்றால் ஓராண்டும் அதைத் தொடர வேண்டும்.

உதிரப்போக்கும் கர்ப்பப்பை அறுவை சிகிச்சையும்

இந்தப் பருவத்தில் நம் பெண்களை மிகவும் வாட்டுவதும், மிக அதிகமாகத் தவறான முடிவுகளுக்குக் கொண்டுசெல்வதும் உதிரப்போக்குதான். ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரை வளர்க்கிறது. புரோஜெஸ்ட்ரான் அந்த வளர்ச்சியை அடக்கி, உரிய நாளில் ஒழுங்காக உதிரச் செய்கிறது. முட்டை வெளியேறாத மாதங்களில் அடக்கும் ஹார்மோன் இல்லாததால் உட்சுவர் தடித்துக்கொண்டே போய், இரண்டு மூன்று மாதம் கழித்துக் கட்டி கட்டியாகப் பத்து நாள், பதினைந்து நாள் என்று போகும். நாப்கின் மணிக்கொரு முறை நனைகிறது, இரவில் படுக்கை கறைபடுகிறது, வேலைக்குச் செல்ல முடியவில்லை என்ற நிலை வந்தால் அதைப் பொறுத்துக்கொள்வது கூடாது. ஏற்கெனவே இரத்தசோகை மலிந்த நம் நாட்டில், இப்படிப் போகும் இரத்தம் ஹீமோகுளோபினை 7, 8 என்று இறக்கிவிடுகிறது. 12 கிராமுக்குக் கீழே போனாலே பெண்களுக்கு அது இரத்தசோகை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, கால் வீங்குவது, தலை சுற்றுவது ஆகியவற்றை "மெனோபாஸ் அசதி" என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல பெண்களுக்கு உண்மையில் தேவைப்படுவது இரும்புச்சத்து.

இத்தகைய உதிரப்போக்குக்கு முதலில் செய்ய வேண்டியவை இரத்த அளவு, தைராய்டு அளவு, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஆகியவை. 45 வயதைக் கடந்தவர்களுக்கும், உடல் பருமன், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் கருப்பை உட்சுவரிலிருந்து சிறு திசு எடுத்துப் பரிசோதிப்பதும் அவசியப்படும். புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இல்லை என்று தெரிந்துவிட்டால் மருந்திலேயே கட்டுப்படுத்த வழிகள் உண்டு. உதிரப்போக்கு உள்ள நாட்களில் மட்டும் எடுத்துக்கொள்ளும் டிரானெக்சமிக் அமில மாத்திரை ஒன்று. புரோஜெஸ்ட்ரான் வகை மாத்திரைகள் மற்றொன்று. கருப்பைக்குள் வைக்கப்பட்டு, குறைந்த அளவு ஹார்மோனை அங்கேயே ஆண்டுக்கணக்கில் கசியவிடும் சாதனம் இன்னொன்று. கருத்தடைக்காக வைக்கும் காப்பர்-டி போன்ற வடிவில் இருந்தாலும் இது வேறு. பெரும்பாலான பெண்களுக்கு உதிரப்போக்கை இது வெகுவாகக் குறைத்துவிடுகிறது. இப்படி ஒன்று இருப்பதைக்கூடக் கேள்விப்படாமலே அறுவை மேசைக்குப் போகும் பெண்கள் ஏராளம் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி.

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்ற எண்ணம் தென்னிந்தியாவில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. தேசிய குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 3 சதவீதத்தினர் கருப்பையை அகற்றிக்கொண்டவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் இது பல மடங்கு அதிகம். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 40 வயதை எட்டுவதற்கு முன்பே அந்த அறுவை சிகிச்சைக்கு உட்பட்டவர்கள். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் பெண்கள் மாதவிடாயால் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலும் அபராதம் கட்ட வேண்டியிருந்ததால், இளம் வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019ஆம் ஆண்டில் நாடெங்கும் பேசப்பட்டது. தேவையற்ற கருப்பை அகற்றல்கள் பற்றி ஒரு மருத்துவர் தொடுத்த பொதுநல வழக்கில், இவற்றைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் ஏற்றுச் செயல்படுத்துமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உத்தரவிட்டது.

கருப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் நிற்கும், ஆனால் ஹார்மோன் சுரப்பு தொடரும். எனினும் அதுவும் சற்று முன்னதாகவே ஓய்ந்துவிடுவதுண்டு. இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், இயல்பாகப் பல ஆண்டுகளில் நடக்க வேண்டிய இறக்கம் ஒரே நாளில் நடந்துவிடும். அப்படி நேரும் பெண்களுக்குத் திடீரென்று சூடு பரவும் உடல் வெப்பமும் உறக்கமின்மையும் கடுமையாக இருப்பதோடு, இளம் வயதில் நடந்தால் எலும்புத் தேய்மானமும் இதய நோயும் சீக்கிரம் வரும் அபாயமும் உண்டு. "எடுத்ததும் எடுத்தோம், அதையும் சேர்த்து எடுத்துவிட்டோம்" என்று பின்னால் சொல்லப்படுவதைக் கேட்பதைவிட, கையெழுத்திடும் முன்பே சினைப்பையையும் எடுப்பீர்களா, ஏன் என்று கேட்பது பெண்ணின் உரிமை.

கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி இருக்கிறது என்று ஸ்கேனில் வந்தாலே அறுவை சிகிச்சை என்று அஞ்ச வேண்டியதில்லை. அவை பெரும்பாலும் புற்றல்லாத கட்டிகள். ஈஸ்ட்ரோஜனால் வளர்பவை என்பதால் மாதவிடாய் நின்றபின் சுருங்கிவிடும். தொந்தரவு தராத கட்டியுடன் 47 வயதில் இருக்கும் பெண் பெரும்பாலும் கண்காணிப்போடு காத்திருக்கலாம். அதேநேரம், புற்றுநோய் உறுதியானால், மருந்துகள் பலனளிக்காமல் உதிரம் போய்க்கொண்டே இருந்தால், பெரிய கட்டி பிற உறுப்புகளை அழுத்தினால், கருப்பை கீழே இறங்கும் அடியிறக்கம் கடுமையாக இருந்தால் இந்த அறுவை சிகிச்சை பெரும் நன்மை செய்வது. அப்போது தயங்குவதும் தவறு.

உடல் வெப்பம்

மார்பிலோ கழுத்திலோ தொடங்கி முகம் வரை குப்பென்று சூடு பரவும், முகம் சிவக்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், சில நிமிடங்களில் அடங்கி, ஈரம் காய்கையில் குளிரும். இரவில் வந்தால் உறக்கம் கலையும். மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி உடலின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துகிறது. அங்குள்ள ஒருவகை நரம்பணுக்களை ஈஸ்ட்ரோஜன் வழக்கமாக அடக்கிவைக்கிறது. அந்த அடக்கம் தளரும்போது அவை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, உடல் வெப்பத்தில் ஏற்படும் மிகச் சிறிய ஏற்றத்தைக்கூடப் பெரிய சூடாகக் கணக்கிட்டு, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடச் செய்கின்றன. இந்த இயக்கம் விளங்கியதன் பயனாகவே, அந்த நரம்பணுக்களின் சமிக்ஞையைத் தடுக்கும் ஃபெசோலினெடன்ட் என்ற, ஹார்மோன் அல்லாத மருந்து 2023இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஆக, இது நாம் வழக்கமாகச் சொல்லும் "உடம்புச் சூடு" அல்ல. மோரும் இளநீரும் இதமளிக்கும், குடிக்கலாம். ஆனால் முட்டை, மீன், கோழி, கொள்ளு எல்லாம் சூடு என்று ஒதுக்கிவிடுவது இந்த வயதில் கெடுதல். தசையும் எலும்பும் கரையத் தொடங்கும் காலத்தில் புரதத்தையும் சேர்த்துக் குறைத்துக்கொள்வதாகிவிடும். மிகுந்த காரம், கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் காபி, மது ஆகியவை சிலருக்கு இந்தச் சூட்டைக் கிளப்பிவிடும். அவரவர் கவனித்துத் தமக்கு ஒவ்வாததை மட்டும் விடலாம். நைலான் நைட்டிக்குப் பதிலாகப் பருத்தி உடை, படுக்கையருகே மின்விசிறி, காற்றோட்டமில்லாத சமையலறையில் புகைபோக்கி விசிறி, உடல் பருமன் இருந்தால் எடைக் குறைப்பு ஆகியவை உண்மையாகவே உதவும்.

இது எவ்வளவு காலம் நீடிக்கும் என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் "ஓரிரு ஆண்டு" என்று பதில் சொல்வார்கள். அமெரிக்காவில் பல இனத்துப் பெண்களை 1990களின் நடுப்பகுதியிலிருந்து தொடர்ந்து கவனித்துவரும் ஸ்வான் ஆய்வு, அடிக்கடி உடல் வெப்பம் வரும் பெண்களில் பாதிப் பேருக்கு அது ஏழு ஆண்டுகளுக்கும் மேல் நீடிப்பதைக் கண்டறிந்தது. எல்லோருக்கும் இப்படி வருவதில்லை. இந்தியப் பெண்களிடம் நடந்த பல ஆய்வுகளில் உடல் வெப்பத்தைவிட அசதியும் மூட்டுவலியும் முன்னால் நிற்கின்றன.

இரவில் வியர்ப்பதெல்லாம் மெனோபாஸ் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் ஆகியவற்றுடன் வரும் இரவு வியர்வை காசநோயாக இருக்கலாம். கை நடுக்கம், எடைக் குறைவு, இடைவிடாத படபடப்பு இருந்தால் தைராய்டு அதிகமாகச் சுரப்பதாக இருக்கலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு நள்ளிரவில் வியர்த்தால் சர்க்கரை தாழ்ந்துபோனதாக இருக்கலாம். நடக்கும்போது நெஞ்சு அழுத்தத்துடன் வரும் வியர்வைக்கு உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும், பெண்களின் மாரடைப்பு காலதாமதமாகக் கண்டறியப்படுவதற்கு "மெனோபாஸ் படபடப்பு" என்ற முத்திரையும் ஒரு காரணம்.

உறக்கமும் மனமும்

தொடர்ந்து இரவுகளில் விழித்தால் யாருக்கும் எரிச்சல் வரும், பெயர் மறக்கும், கவனம் சிதறும். இந்த வயதில் பெண்ணின் தலைமேல் இருக்கும் சுமையும் சிறியதல்ல: பிள்ளையின் பொதுத்தேர்வு, மகளின் திருமணம், படுக்கையில் விழுந்த மாமியாரின் பராமரிப்பு எல்லாம் ஒரே ஆண்டில் வந்து சேர்வதுண்டு. ஹார்மோன் ஏற்ற இறக்கத்துக்கும் மனநிலையில் நேரடிப் பங்கு உண்டு. முன்பு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு கண்டவர்கள் இப்போது கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். மறதி பெரும்பாலும் தற்காலிகமானது, ஞாபகமறதி நோயின் தொடக்கம் அல்ல. ஆனால் இரண்டு வாரத்துக்கும் மேலாக எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பதும், அழுகை வந்துகொண்டே இருப்பதும், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எழுவதும் மனச்சோர்வு நோய்; அதற்கு மருந்தும் ஆலோசனையும் பலனளிக்கும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

வீட்டில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்வது மருந்துக்கு அடுத்தபடியான உதவி. இரவு உறங்காத மனைவிக்காகக் காலைச் சமையலைக் கணவர் ஏற்றுக்கொள்வதை ஒரு சலுகையாக யாரும் எண்ண வேண்டியதில்லை.

வெளியே சொல்லப்படாதவை

ஈஸ்ட்ரோஜன் குறையும்போது பிறப்புறுப்பின் தோல் மெலிந்து வறண்டுவிடுகிறது. அரிப்பு, எரிச்சல், உடலுறவில் வலி, உடலுறவுக்குப் பின் சிறு இரத்தக் கசிவு, அடிக்கடி சிறுநீர்த் தொற்று ஆகியவை இதன் விளைவுகள். உடல் வெப்பம் காலப்போக்கில் அடங்கும். இந்த வறட்சியோ கவனிக்காவிட்டால் ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடும். வலிக்கு அஞ்சி விலகும் மனைவியைக் கணவர் தவறாகப் புரிந்துகொள்வதும், அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மனைவி மௌனமாக இருப்பதும் எத்தனையோ வீடுகளில் நடப்பது. இதற்கான மருந்து மிக எளியது: பிறப்புறுப்பில் மட்டும் தடவும், குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கொண்ட களிம்பு. இரத்தத்தில் மிகக் குறைவாகவே கலப்பதால் பெரும்பாலான பெண்களுக்கு நீண்ட காலம் பாதுகாப்பானது. சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவதையும் இது குறைக்கும். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை பெற்றவர்கள் மட்டும் தம் புற்றுநோய் மருத்துவரைக் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசிவதற்கு இடுப்படித் தசைப் பயிற்சி முதல் சிகிச்சை. சிறுநீரை அடக்குவதுபோல அந்தத் தசையை இறுக்கிச் சில நொடிகள் வைத்திருந்து தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முதல் பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதமாவது தொடர்ந்தால்தான் பலன் தெரியும். கழிப்பறை வசதி இல்லாத வேலையிடங்களில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும் பெண்களுக்குத் தொற்று மேலும் அதிகமாகும். அங்கே குறை பெண்ணின் உடலில் இல்லை, கழிப்பறை கட்டாத நிர்வாகத்திடம் இருக்கிறது.

ஹார்மோன் சிகிச்சை பற்றிய அச்சம்

"ஹார்மோன் எடுத்தால் புற்றுநோய் வரும்" என்ற அச்சத்தின் வேர் 2002ஆம் ஆண்டில் இருக்கிறது. அமெரிக்காவில் நடந்துவந்த டபிள்யூ.எச்.ஐ. என்ற பெரிய ஆய்வில், ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்ட்ரான் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த, 16,608 பெண்கள் கொண்ட ஒரு பிரிவு, மார்பகப் புற்றுநோய், இதய நோய், பக்கவாதம் ஆகியவை ஹார்மோன் எடுத்தவர்களிடம் அதிகமாகக் காணப்பட்டதால் அந்த ஆண்டு பாதியில் நிறுத்தப்பட்டது. உலகெங்கும் பெண்கள் மாத்திரைகளைக் கைவிட்டார்கள். ஆனால் அந்த ஆய்வில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. பெரும்பாலோர் மாதவிடாய் நின்று பத்தாண்டுகளைக் கடந்தவர்கள். மார்பகப் புற்றுநோய் அதிகரித்த அளவு, 10,000 பெண்கள் ஓராண்டு மருந்து எடுத்தால் கூடுதலாக 8 பேர். கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த மற்றொரு பிரிவில் மார்பகப் புற்றுநோய் அதிகரிக்கவே இல்லை.

இன்றைய மருத்துவக் கருத்து இதுதான்: 60 வயதுக்குட்பட்ட, அல்லது மாதவிடாய் நின்று 10 ஆண்டுகளைக் கடக்காத, தடைசெய்யும் நோய்கள் இல்லாத பெண்ணுக்கு, வாழ்க்கையைக் குலைக்கும் அளவுக்கு அறிகுறிகள் இருந்தால், நன்மை பெரும்பாலும் ஆபத்தைவிட மிகும். உடல் வெப்பத்தை இதைவிடச் சிறப்பாகக் குறைக்கும் மருந்து வேறில்லை. கருப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்ட்ரான் வகை மருந்தையும் கட்டாயம் சேர்த்தே எடுக்க வேண்டும். இல்லையேல் கருப்பை உட்சுவர் தடித்துப் புற்றுநோய்க்கு இடமளிக்கும். தோலில் தடவும் ஜெல் வடிவ ஈஸ்ட்ரோஜனில் இரத்தம் உறையும் அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், கால் இரத்தக் குழாய் அடைப்பு, தீவிரக் கல்லீரல் நோய் ஆகியவை இருந்தவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு வென்லாஃபாக்சின், கேபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மருந்துகளும், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிதிறன் நடத்தைச் சிகிச்சையும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் மாத்திரை எடுக்கும் பெண், உடல் வெப்பத்துக்குத் தரப்படும் மற்றொரு ஹார்மோன் அல்லாத மருந்தான பராக்சிடினைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அது டமாக்சிஃபெனின் வேலையைக் குறைத்துவிடும்.

தண்ணீர்விட்டான் கிழங்கு, சோயா போன்றவற்றைப் பலர் பயன்படுத்துகிறார்கள். இவற்றுக்கு ஆதரவான சான்று வலுவானதல்ல. உணவாகச் சோயா உண்பதில் தவறில்லை. என்ன கலந்திருக்கிறது என்று உறையில் அச்சிடாத பொடிகளை வாங்குவதை மட்டும் நான் உறுதியாக வேண்டாம் என்பேன். எதை எடுத்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

சத்தமின்றி நடப்பவை

எலும்புத் தேய்மானத்துக்கு எலும்பு முறியும் வரை வலி கிடையாது. மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில ஆண்டுகளில் ஒரு பெண் தன் எலும்பு அடர்த்தியில் பத்தில் ஒரு பங்கையோ அதற்கு மேலுமோ இழக்கக்கூடும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 350 மில்லிகிராமும், ஒரு டம்ளர் பாலில் சுமார் 240 மில்லிகிராமும் கிடைக்கின்றன. முருங்கைக்கீரை, எள்ளுருண்டை, முள்ளோடு உண்ணும் நெத்திலி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வெயில் கொளுத்தும் நம் ஊரிலேயே வைட்டமின் டி குறைபாடு மிகப் பரவலாக இருப்பதால் அதையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. நடைப்பயிற்சி இதயத்துக்கு நல்லது. எலும்புக்கும் தசைக்கும் அது மட்டும் போதாது. வாரம் இரண்டு மூன்று நாட்கள் எடை தூக்கும் பயிற்சியோ, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியோ சேர வேண்டும். சிறு தடுக்கலில் மணிக்கட்டு முறிந்தவர்களும், சீக்கிரம் மாதவிடாய் நின்றவர்களும், ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் எடுத்தவர்களும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் பற்றிக் கேட்க வேண்டும்.

இதே காலத்தில் கெட்ட கொழுப்பு ஏறும், இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேரும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தலைகாட்டும். ஆண்டுக்கொரு முறை இவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்படுகின்றன. கருப்பை வாய், மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைகளை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.

நின்றபின் மீண்டும் இரத்தம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு செய்தியை மட்டும் ஒருவர் எடுத்துச் செல்வதானால் அது இதுவாக இருக்க வேண்டும்: மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், அது பழுப்பு நிறக் கறையாக இருந்தாலும், மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். பெரும்பாலும் வறட்சியோ சிறு தசைக்கட்டியோதான் காரணமாக இருக்கும். ஆனால் இப்படி வருபவர்களில் பத்தில் ஒருவர் என்ற அளவில் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் இருக்கக்கூடும். கருப்பை வாய்ப் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும். உட்சுவர்ப் புற்றுநோய் தொடக்கத்திலேயே இப்படி இரத்தக் கசிவாக வெளிப்படுவதால், உடனே வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஸ்கேனில் உட்சுவரின் தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் திசுப் பரிசோதனை செய்வது வழக்கம். கசிவு திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேன் சரியாக இருந்தாலும் அதை மறுபடி ஆராய வேண்டும். "நின்றது மறுபடி வந்துவிட்டது, உடம்பு இன்னும் இளமையாக இருக்கிறது" என்று மகிழ்ந்து மாதக்கணக்கில் காத்திருந்த பெண்களின் கதைகள் மருத்துவர்கள் எல்லோரிடமும் உண்டு.

மருத்துவரைப் பார்க்கச் செல்லும்போது மூன்று மாதக் குறிப்பு ஒன்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். உதிரப்போக்கு தொடங்கிய நாள், முடிந்த நாள், கடுமையாக இருந்த நாட்களில் எத்தனை நாப்கின், சூடு எத்தனை முறை வந்தது, எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், என்னென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பவற்றை நாட்காட்டியிலேயே குறித்துவைக்கலாம். தாய், சகோதரி, சித்தி, அத்தை ஆகியோரில் எவருக்காவது மார்பகம் அல்லது சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும், தாய்க்கு எந்த வயதில் நின்றது, இடுப்பெலும்பு முறிந்ததா என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் கேட்காமலேயே "வயசுதான்" என்று அனுப்பப்பட்டாலோ, எதையும் பரிசோதிக்காமலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடச் சொல்லப்பட்டாலோ, அந்தக் குறிப்பையும் ஸ்கேன் அறிக்கையையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மகளிர் நோய்ப் பிரிவிலோ வேறொரு மகளிர் மருத்துவரிடமோ இரண்டாவது கருத்தைக் கேட்கலாம். உயிருக்கு ஆபத்தான உதிரப்போக்கு இல்லாத நிலையில், அதற்காகும் ஓரிரு வாரத் தாமதத்தால் கெடுதல் எதுவும் வராது.